படைப்பூக்க நாய்வண்டித் திட்டம்

ஒரு குளிர்காலத்தில் எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் திடீரென்று ஓர் உண்மை தெரியவந்தது: அலாஸ்காவில் நாய்கள் இருக்கின்றன.

உடனே சுற்றறிக்கை பறந்தது. “தொடக்கப்பள்ளி மாணாக்கரின் படைப்பூக்கத்தைத் தட்டியெழுப்பும் பொருட்டு, இனி எல்லாப் பாடங்களும் நாய்வண்டிப் பந்தயத்தின் வாயிலாகவே நடத்தப்படுதல் வேண்டும்.”

அலாஸ்காவின் யூக்கான் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் ஆட்களைவிட நாய்கள் அதிகம். மார்ச் மாதத்தில், நாய்கள் சறுக்குவண்டி இழுத்தோடும் பெரிய பந்தயம் உறைந்த ஆற்றின்மேல் வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இளைப்பாறிவிட்டுப் போகும். ஆகவே திட்டத்தை எங்கள் பள்ளியில்தான் தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். பந்தயம் வரும் நாளன்றே படைப்பூக்க மேம்பாட்டு அலுவலர் கர்ட்டிஸ் ப்ளங்கெட் சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். கூடவே பெட்டி பெட்டியாக நாய் முகமூடிகள், ஒரு நீளக் கயிறு, பஞ்சில் செய்த பனி. வெளியே பனி இடுப்பளவு கிடந்தது.

பள்ளிக்குழு உறுப்பினன் என்ற முறையில் மேற்பார்வை பார்க்க நான் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை டெல்மா நிக்கோலாய் ப்ளங்கெட்டிடம் மெல்லக் கேட்டாள்:

“சார், எங்க வீட்டுலயே நாய் இருக்கு. ரெண்டைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“உயிருள்ள நாயா?” ப்ளங்கெட் ஓரடி பின்வாங்கினார். “கடிச்சா யார் பொறுப்பு? அதுவுமில்லாம, நிஜ நாயைப் பாத்தா பிள்ளைங்களோட கற்பனை செத்துப்போயிரும் டீச்சர்.”

பிள்ளைகளுக்கு முகமூடி மாட்டி, இரண்டிரண்டு பேராக இடுப்பில் கயிறு கட்டி நிறுத்தினார். கயிற்றின் கடைசி நுனியைத் தம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். முதலில் பந்தய விதிகளைச் சொன்னார். பிறகு கணக்குப் பாடம். விடையைக் குரைத்துத்தான் சொல்ல வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்றால் ஐம்பத்தாறு குரைப்பு. அடுத்தது ஒன்பதொன்பது என்றதும் பாதிப்பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வரிசையின் முன்னால் நின்ற ஆக்னஸ் மட்டும் குரைக்கவேயில்லை. அவள் அம்மா வில்மா அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பந்தயத்தில் ஓடுகிறாள். அம்மாவைப் பிரிந்து சித்தி வீட்டில் கிடக்கிற பிள்ளை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா, நாய்னா பிடிக்காதா?” என்றார் ப்ளங்கெட்.

“எங்கம்மா இன்னிக்கு வருவாங்க சார். கொஞ்ச நேரம்தான் நிப்பாங்க. நாய்க்குத் தீனி வச்சிட்டுக் கிளம்பிருவாங்க.”

“அப்ப அந்த ஜன்னல்தான் பிரச்சினை,” என்றார் அவர். வெளியே பந்தயம் நடந்தால் பந்தயப் பாடத்தில் கவனம் சிதறும் அல்லவா? ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினார். அதன்மேல் நாய்வண்டி ஓடுகிற படம் ஒன்றையும் ஒட்டினார்.

ஒட்டி முடிப்பதற்குள் ஆற்றுப்பக்கமிருந்து நிஜமான குரைப்பு கேட்டது. பின்னாலேயே ஒரு பெண்குரல் நாய்களை அதட்டியது. ஆக்னஸ் முகமூடிக்குள் விசும்ப ஆரம்பித்தாள். காகித மூக்கு நனைந்து தொங்கியது.

டெல்மா எழுந்தாள்.

“சார், களைச்ச நாயை ஓட்டக்கூடாதுன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, அது விதி. மீறினா பந்தயத்துலேர்ந்தே தள்ளிருவாங்க.”

“என் நாய் எல்லாம் களைச்சுப்போச்சு சார். டேய், நாக்கை நீட்டுங்க!”

வகுப்பு முழுக்க நாக்கு தொங்கியது. ப்ளங்கெட் ஒவ்வொரு நாக்காகப் பார்வையிட்டார்.

“களைச்ச நாயை எங்க படுக்க வைக்கணும்?” என்றாள் டெல்மா.

“வைக்கோல்ல.”

“வைக்கோல் வெளியதான் கிடக்கு சார்.”

அலுவலர் யோசித்தார். “கால்நடை டாக்டர் சான்று இல்லாம விட முடியாதே டீச்சர்.”

“அவரும் வெளியதான் நிக்கிறாரு.”

இதற்கு என்ன பதில் சொல்வதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆகவே சட்டப்படி கதவு திறக்கப்பட்டது. எல்லோரும் மேல்சட்டையை மாட்டி முடித்ததுதான் தாமதம், ஆக்னஸ் பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய வகுப்பு பாய்ந்தது. வகுப்புக்குப் பின்னால், மணிக்கட்டில் சுற்றிய கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் ப்ளங்கெட்டும் போனார். வாசல்வரை நடந்து, படியில் விழுந்து, அப்புறம் ஆறுவரைக்கும் மல்லாக்கச் சறுக்கிக்கொண்டே போனார். “நில்லுங்க! இது பாடத்திட்டத்துல இல்ல!” என்று அவர் கத்தியதை நிஜ நாய்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தன.

வில்மா தீனி வாளியைக் கீழே போட்டுவிட்டு மகளை வாரிக்கொண்டாள். அவள் கண்ணிமையெல்லாம் பனி.

“அம்மா, குளிர்ல உன் மூக்கு கறுத்துப்போச்சு!”

“அது கிடக்குது. நீ சாப்பிட்டியாடி?”

“சித்தி மீன் சூப் குடுத்தாங்க. நீ?”

“நாய் தின்னப்புறம்தான் நான்,” என்று சிரித்த வில்மா, பனியில் கிடந்த அலுவலரைப் பார்த்தாள். “அது யாருடி? உங்க வண்டியா?”

ஆக்னஸ் சிரித்த சிரிப்பில் முகமூடி கழன்று விழுந்தது. கிளம்பும்வரை அம்மாவின் பக்கத்தைவிட்டு அவள் நகரவில்லை. பனி கிழிக்காமலிருக்க நாய்களின் பாதத்துக்குப் போடும் காலுறையை ஒவ்வொன்றாக இருவரும் சேர்ந்தே மாட்டினார்கள். வண்டி ஆற்று வளைவில் மறைந்தபிறகு உள்ளே போய், இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒன்பதொன்பது எண்பத்தொன்று என்று வாயாலேயே சொன்னாள்.

ப்ளங்கெட்டின் அறிக்கை பிறகு வந்தது. “மாணாக்கர் தாமே முன்வந்து அலுவலரை இழுத்துச் சென்றமை இத்திட்டத்தின் மகத்தான வெற்றியாகும்.” அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்த பள்ளியாண்டு தொடங்கிப் பனி விழுந்ததும் புதிய சுற்றறிக்கை வந்தது. நாய் பழைய பாணியாகிவிட்டதாம். இனி எல்லாப் பாடங்களும் ஒட்டகத்தின் வாயிலாக. மூட்டை மூட்டையாக மணல் விமானத்தில் வருகிறதாம்.

பள்ளிக்குழுக் கூட்டத்தில் அதை வாசித்தபோது நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மேஜையைத் தட்டிச் சிரித்தோம். அலுவலகத்தாரை மாதிரி முட்டாள்கள் உலகத்தில் உண்டா என்று கேட்டுக்கொண்டோம். ஓட்டுரிமை இல்லாத டெல்மா மட்டும் சிரிக்கவில்லை. “பிள்ளைங்க இப்பதான் குரைக்கிறதை நிறுத்தியிருக்காங்க,” என்றாள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆட்சேபம் உள்ளவங்க கையைத் தூக்கலாம்,” என்றார்.

டெல்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

ஒரு கையும் எழவில்லை. எல்லாம் மேல்சட்டைப் பைக்குள் இருந்தன. வெளியே கடுங்குளிர் அல்லவா?

அறைக்குள் கணப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.