மருமகன் இறைச்சியை விட்ட கதை

“உப்புக் காணுமா எண்டு பாருங்க மருமகன்.”

மாமி சபியா உம்மா நீட்டிய அகப்பையில் ஆட்டிறைச்சி ஆணம் ஆவி பறத்திக்கொண்டிருந்தது. அஹ்ஸன் மெல்லப் பின்வாங்கினான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அவன் இறைச்சியை விட்டது அந்த வீட்டில் அவன் மனைவி றுஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.

விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கல்முனை பஸாரில் தண்ணி மோட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்கத் தெரியாதவன். நோன்பு முடிந்த கையோடு, இறைச்சி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றொரு யோசனை வந்தது. முதலில் மாட்டை விட்டான். பிறகு ஆட்டை, பிறகு கோழியை. மீனையும் விட்ட அன்றுதான் பூசணிக்காய்க்கு ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்தான். அதுவரை சோற்றுக் கோப்பையில் இடத்தை அடைக்க வந்த சாமான் என்றுதான் அதை நினைத்திருந்தான்.

றுஸ்தாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தாள்.

“ஏன், டொக்டர் சொன்னாரா?”

“இல்ல. சும்மா ஒருக்காப் பாக்குறன்.”

“பாருங்க. ஆனா உம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“கோவிப்பாவா?”

“கோவம் எண்டில்ல…” என்று இழுத்தவள், அடுப்பில் ஏதோ கிடக்கிறதென்று எழும்பிப் போய்விட்டாள்.

அவனுக்கும் அது விளங்கத்தான் செய்தது. சாய்ந்தமருதில் அந்த ஒழுங்கைக்குள் கல்யாணம் என்றால் இறைச்சி ஆணத்துக்கு சபியா உம்மாவின் கைதான். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எது ஆக்கினாலும் முதல் அகப்பை மருமகனுக்குத்தான் வரும். தன் மேல் மாமிக்கு இத்தனை பாசமா என்று அவன் கூட்டாளிமாரிடம் பெருமை அடித்ததும் உண்டு. நோன்புக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வேலை கிடக்கிறது என்று கடைக்குப் போய்த் தப்பிக்கொண்டிருந்தான். இன்றைக்குத்தான் அகப்பட்டான்.

“வயிறு சரியில்ல மாமி” என்றான்.

மாமியின் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலையில் எலும்பு சூப்போடு வந்து நின்றா.

“வயித்துக்கு நல்லம். குடிச்சிட்டு உப்பு எப்பிடி எண்டும் சொல்லுங்க.”

மாமி திரும்பியதும் சூப்பை வாழை மரத்தடியில் ஊற்றினான். “நல்லம் மாமி. உப்பும் அளவா இரிக்கி” என்றான். மிச்ச சூப் பக்கத்து வீட்டு றுகையாவுக்குப் போனது. போன கையோடு றுகையா வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

“என்ன சபியா, கடலையே அள்ளி ஊத்தி வெச்சிரிக்காய்?”

மாமி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தா. இனி வயிறு உதவாது என்று அஹ்ஸனுக்கு விளங்கியது.

“பல்லுவலி மாமி. அந்த வலியில ருசி ஒண்டும் தெரியல்ல.”

பின்னேரம் இறைச்சியை உரலில் போட்டு மாவாக இடித்துக் கொண்டுவந்தா. “மெல்லத் தேவல்ல. நாக்குல வெச்சாக் காணும். மாமாக்கு பிரஷர், அவருக்கு உப்பில்லாமத்தான் ஆக்குற. ஸம்றாக்கு எவ்வளவு போட்டாலும் காணாது, றுஸ்தா எதுக்கும் அளவு எண்டுதான் சொல்லுவா. நீங்கதானே மகன் சரியாச் சொல்லுவீங்க.”

ஸம்றா றுஸ்தாவின் தங்கை. அம்பரெல்லாங்காயை உப்பில் தோய்த்துத் தின்றுகொண்டே தலையாட்டினாள்.

அஹ்ஸனுக்கு வேறு வழி தெரியவில்லை. “மாமி, நான் ஒரு நிய்யத்து வெச்சிரிக்கன். அது நிறைவேறுற வரைக்கும் இறைச்சி தின்னுறல்ல.”

“என்ன நிய்யத்து?”

“அது… வெளிய சொல்லப்படாது.”

மாமி அவனைப் பார்த்தா. பிறகு, வெங்காயம் உரித்துக் கண் கலங்கியிருந்த றுஸ்தாவைப் பார்த்தா. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு வேலியடிக்குப் போனா.

மஃரிபுத் தொழுகைக்கு முன்னமே, கடைக்குத் திரும்பியிருந்தவனுக்கு றுஸ்தா கோல் எடுத்தாள்.

“எனக்கு எத்தினாம் மாசம்?”

“என்ன?”

“றுகையா மாமி கேக்குறா. நீங்கதானே புள்ளைக்கு நிய்யத்து வெச்ச. அக்கரைப்பற்றுச் சாச்சியும் கோல் எடுத்து அழுறா. பெருநாளைக்குக் குடும்பத்தோட வாறாங்களாம்.”

அவர்கள் வருவதால் ஒலுவிலில் இருந்த சொந்தக்காரரும் வருவதாக ஆனது. ஆணச் சட்டி போய்க் கிடாரம் வந்தது. வாடகைக்குக் கதிரையும் வந்தது. ஆட்கள் கூடக் கூட மாமியின் முகத்தில் ஒரு கலக்கம் கூடியது. கிடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தா. அஹ்ஸன் அந்தப் பக்கம் போனால் போதும், பின்னாலேயே வந்தா.

“இத்தின பேருக்கு ஆக்கணும் மகன். ஒரு சொட்டு ஆணத்தால நிய்யத்து முறியுமா? ஹஸ்ரத்துட்டக் கேட்டுப் பாப்பமா?”

எப்படியாவது தனக்கு ஊட்டிவிட வேண்டும் என்று ஒரு மனுஷி இப்படித் தவிக்கிறாவே என்று அவனுக்கு நெஞ்சு கரைந்தது. ஒரு கவளம் தின்றுவிடுவோமா என்றுகூட நினைத்தான். ஆனால் பொய்யில் தொடங்கியதைப் பொய்யாகவே தின்று முடிப்பதற்கும் மனம் வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து, குர்பான் பங்கும் கொடுத்து முடிய, பகல் சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்பது வழக்கம். ஒளிக்க இடமே இல்லாத சாப்பாடு. மாமா மீராசாஹிபு நெஞ்செலும்புத் துண்டு ஒன்றைப் பிய்த்து மருமகனின் பக்கம் தள்ளினார். அஹ்ஸன் சோற்றால் அதை மூடினான். மாமா கிளறி எடுத்து மறுபடியும் மேலே வைத்தார்.

இதற்குள் சாச்சியின் கணவர், அக்கரைப்பற்றுச் சாச்சா, கையை உயர்த்தினார். “யா அல்லாஹ், எங்கட றுஸ்தாட வயித்துப் புள்ளைய ஸாலிஹான புள்ளையா ஆக்கி வை.”

வீடு முழுக்க ஆமீன் சொன்னது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களும் சொன்னார்கள். அஹ்ஸனுக்குத்தான் வாய் வரவில்லை. இல்லாத பிள்ளைக்குத் துஆ வரைக்கும் வந்துவிட்டதே.

“சாச்சா, புள்ள ஒண்டும் இல்ல” என்றான். “நிய்யத்தும் இல்ல. பல்லும் நல்லம், வயிறும் நல்லம். நான் இறைச்சி தின்னுறத உட்டுட்டன். அவ்வளவுதான். மாமிட மனசு நோகும் எண்டுதான் சொல்லல்ல.”

திரையை விலக்கிக்கொண்டு மாமி வந்து வாசலில் நின்றா. ஏன் விட்டீங்க என்று கேட்பா, அழுவா என்றெல்லாம் எதிர்பார்த்தான்.

“அப்ப இனிமேலும் தின்னவே மாட்டீங்களா?” என்றுதான் கேட்டா.

“இல்ல மாமி. மன்னிச்சிக்கங்க.”

மாமி அப்படியே வாடகைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டா.

நிலைமையைச் சமாளிக்க நினைத்த சாச்சா, “சரி சரி, எங்களுக்குப் பங்கு கூடத்தானே” என்று ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டார். மென்றவர் பாதியில் நிறுத்தினார். சஹனைச் சுற்றியிருந்த மற்றவர்களையும் பார்த்தார். அவர்களும் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

“சபியா, ஆணத்துக்கு நீ உப்பே போடல்லியா?”

மாமி தலையைக் குனிந்துகொண்டா. உப்புப் போத்தலைக் கொண்டுவந்து சஹன் நடுவில் வைத்த ஸம்றா, அஹ்ஸனின் காதருகே குனிந்தாள்.

“உம்மா இறைச்சிய வாயில வெச்சிப் பத்து வருஷம் மச்சான். ‘இறைச்சி தின்னுற புள்ளையா’ எண்டு ஊரெல்லாம் விசாரிச்சி, உப்புப் பாக்கத்தானே உங்கள மாப்பிளையா எடுத்த.”