ஸ்டுடியோவில் தளம் இடித்தது

நல்லெண்ணம் மிகுந்தவர்களிடமிருந்து ஏழைகள் சற்று எட்டியே நிற்பது நல்லது. இந்த உண்மையை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. அந்த நல்லெண்ணம் மிகுந்தவன் நானேதான்.

1950களின் இறுதியில், பொருளாதாரப் பட்டத்துடனும் இரண்டு கதர்ச் சட்டைகளுடனும் பெங்களூரில் ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். வாரம் அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி. கிராமியப் பாட்டு ஒலித்தால் பங்களாக்காரர்கள் ரேடியோவை அணைத்தார்கள். மெல்லிசை ஒலித்தால், கூலிக்காரர்கள் குடியிருந்த மர்பி டவுனின் பூங்காவில் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்திருந்தவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டையும் கலந்துவிட்டால் வர்க்க பேதமே தளர்ந்துவிடும் என்று நிலைய இயக்குநருக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினேன். அவர் படிக்காமலே சம்மதித்தார். (படித்திருந்தால் எல்லோரும் தப்பித்திருப்போம்.)

பாட மர்பி டவுனிலிருந்து முனியம்மாவை அழைத்து வந்தேன். கட்டட வேலை செய்யும் சித்தாள். மாடியில் கொட்டிய சுண்ணாம்புத் தளத்தைப் பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். அவள் எடுத்துக் கொடுக்கும் வரியை மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தக் குரல் தெருக்கோடிவரை கேட்கும். அவளுடைய வலது தோள் மட்டும் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

"மாசாமாசம் கூப்புடுவாங்கன்றியே, நெசமா சார்?"

"நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் நிச்சயம் கூப்பிடுவார்கள்."

"அப்ப கட்டய இத்தோட வுட்டுர்லாம். கை மேல எழும்ப மாட்டேங்குது சார். தல வாரிக்கக்கூட பொண்ணத்தான் கூப்புட வேண்டிகீது."

அவளுடைய தோளையும் சேர்த்து நான் காப்பாற்றப் போவதாக எண்ணிக்கொண்டேன். வயலின், பியானோ, கண்டோன்மென்ட் பாண்டு வாத்தியக்காரர் ஒருவரின் கிளாரினெட் எல்லாம் சேர்ந்தன. பாட்டின் சொற்களையும் திருத்தினேன். வியர்வை இருந்த இடத்தில் நிலவை வைத்தேன். ஆனால் கட்டையில்லாமல் முனியம்மாவுக்கும் அவளோடு பாட வந்த பெண்களுக்கும் தாளம் நிற்கவில்லை. ஆகவே ஸ்டுடியோவில் ஒரு பலகை போட்டு, கட்டைகளையும் அனுமதித்தேன்.

அன்று நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்தது. நிலவு இரண்டு வரிவரை அழகாகக் காய்ந்தது. பிறகு தாளம் சூடேற, வயலின் பின்னால் ஓடத் தொடங்கியது. நான் எதிரே நின்று, 'மெதுவாக' என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினேன். அவர்களுடைய மேஸ்திரி அப்படிக் காட்டினால், 'இன்னும் அழுத்தித் தட்டு' என்று பொருளாம். பணிவுடன் தட்டினார்கள். பியானோவின் மூடி குதித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த இயக்குநர், கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தார்.

தளம் இடிக்கும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைகட்டி வேடிக்கை பார்க்கிறவர் வெற்றிலைக்குக் காசு கொடுக்கும்வரை அவரைப் பாட்டிலிருந்து விடமாட்டார்கள். முனியம்மா அவரைப் பார்த்தாள். நிலவு மறைந்தது.

"தொப்பை ஒண்ணு முன்னே வர – ஏலேலோ
தொரையும் பின்னே வாராரே – ஏலேலோ
கையக் கட்டி நிக்கிறாரே – ஏலேலோ
கட்டை என்ன கடிச்சிருமோ – ஏலேலோ!"

இயக்குநர் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். கை ஆட்டியதற்கும் ஒரு வரி வந்தது. கிளாரினெட்காரர் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். (நான் கேட்ட கலப்பு அந்தக் கணத்தில்தான் நிகழ்ந்தது.) பொறியாளர் ஒலிபரப்பைத் துண்டித்து இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். மர்பி டவுன் பூங்காவில் கூட்டம் கைதட்டி, 'இன்னொரு தபா!' என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தியதாம்.

"ஏன்ரீ, இதுதான் உம்ம மெல்லிசையா?" என்று கன்னடம் கலந்து கேட்டார் இயக்குநர்.

முனியம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கட்ட கையில கீறப்ப வாய் எம்பேச்சக் கேக்காது சார். பெரிசு கோவிச்சிக்கிச்சா?"

எனக்கு ஓர் எச்சரிக்கை. (பட்டதாரி அல்லவா!) அவளுக்குக் கதவு மூடப்பட்டது. நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. பயிற்சி பெற்ற பாடகி ஒருவர் அதே மெட்டை, கட்டையின்றி, என் நிலவுடன் பாடினார். பங்களாக்காரர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் என் வேலை நிரந்தரமாயிற்று. ஒரு நாள் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து, "சார், நம்மள எப்போ கூப்புடுவாங்க?" என்று முனியம்மாவின் குரல் வந்தது. சொல்லி அனுப்புவதாகச் சொன்னேன். அந்தத் தெருப் பக்கம் போவதை அன்றோடு நிறுத்தினேன்.

சில ஆண்டுகளுக்குப் பின் தொம்மலூரில் வீடு கட்டினேன். தளம் போடும் நாளில், தட்ட யார் வருவார்களோ என்று, அலுவலக வேலையைச் சாக்குச் சொல்லி மைசூருக்குப் புறப்பட்டுவிட்டேன். திரும்பியபோது என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒரு அம்மா என்னமாப் பாடினாங்க தெரியுமா? தோள் ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு, இடது கையாலதான் தட்டறாங்க. 'வூட்டுக்காரரு எங்கே ஓடினாரு'ன்னு பாட்டாவே கேட்டாங்க! வெத்தலைக்குக் குடுத்தப்புறம்தான் என்னை விட்டாங்க."

தளம் போடுகிற நாளில் ஓடிப்போன வீட்டுக்காரர் என்ற கதை இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்திகளில் பரிமாறப்படுகிறது. புதிதாக வரும் மருமகன்களுக்கு அதுதான் முதல் விருந்து. நானும் தவறாமல் சிரிக்கிறேன். யார் பாடியது என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

அந்தத் தளம் எந்த மழைக்கும் ஒழுகியதில்லை.