வெறும் நூலும் திம்மராயன் மேஸ்திரியும்

“மனசுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. மண்டைக்குள்ள ஓடுறது கரண்ட்டு. மெயின ஆஃப் பண்ணா அன்பும் இல்ல, அழுகையும் இல்ல!”

எண்பத்தாறாம் வருஷம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை டீக்கடையில் இப்படி அறிவித்தவர், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேஸ்திரி திம்மராயன். ‘வெறும்’வாதி என்னும் இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனத்தாரைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர், காதல் வெறும் சுரப்பி, சாமி வெறும் கல், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மழலை வெறும் காற்று. தன் பேச்சு மட்டும் தத்துவம். ‘அதுவும் காற்றுதானே?’ என்று கேட்டுப் பாருங்கள், கோபம் வரும். அது வெறும் பித்தம்.

ஒருநாள் தொழிற்சாலை ஸ்டோரில் எண்ணெய் துடைக்கத் துணி தீர்ந்துபோயிற்று. மறுநாள் மேஸ்திரி வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துவந்து, எட்டாகக் கிழித்து, கடைசல் இயந்திரத்தைப் பளபளவென்று துடைத்தார். செத்துப்போன மாமியாரின் சேலை அது. மனைவி முனிலட்சுமி காய்ச்சல் வந்தால் அதைத்தான் தலைக்கு வைத்துப் படுப்பாள்.

“எங்கம்மா சீலை எங்க?”

“வெறும் நூலுதானே லட்சுமி?”

அதோடு அவள் பேச்சு நின்றது. சண்டையா? இல்லை. சோறு வந்தது, டிபன் டப்பா வந்தது, சத்தம் வரவில்லை. மேஸ்திரி கோளாறைத் தொழில்முறையில் ஆராய்ந்தார். அதே நீளம், அதே நிறம், அதே நூலில் புதுச் சேலை வாங்கிவந்தார். ஸ்பேர் மாற்றியாயிற்று, வண்டி ஓடவில்லை! ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் தேன்கனிக்கோட்டை அண்ணன் வீட்டுக்குப் போக, அவள் பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள்.

அன்று ஷிப்டு முடிந்ததும் மேஸ்திரி குப்பை டிரம்முக்குள் இடுப்புவரை இருந்தார். ஸ்டோர்காரர் லால் பாஷா எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி தேடுறே?”

“தொடைக்கிற துணி, பாய்.”

“புதுசு மூட்டையா வந்து கெடக்குதே, எடுத்துக்கோ!”

“அது வேணாம்.”

ஏழு துண்டு கிடைத்தது. எட்டாவது, கடைசல் இயந்திரத்தின் அடியில் சொட்டும் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடந்தது. மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். பாஷாவும் போயாயிற்று, யாருமில்லை. தன் சட்டையைக் கழற்றி மடித்து எண்ணெய் சொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அந்தத் துண்டை இரண்டு கையாலும் எடுத்தார். குழாயடியில் சோப்போடு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால், உங்கள் ஸ்கூட்டரைத் துடைக்கிற துணி யாருடையது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.