கணக்குக்கு ஏன் ‘பி’?

பிள்ளைகளே, டென்மார்க்கில் தமிழ்ப் பிள்ளைகளை மூன்று ஏ மாமாவைப் போல வேறு ஒருவரும் வதைத்திருக்க முடியாது. பனி, மழை, பல் டொக்டர் எல்லாம் அவருக்குப் பிறகுதான்.

இக்காஸ்ட் என்ற ஊரில் உடுப்புத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்பார்: “பிள்ளைக்கு எத்தினை ஏ?” இலங்கையில் உயர்தரச் சோதினையில் மூன்று பாடத்துக்கும் ‘ஏ’ எடுத்தவனைத்தான் அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பார். பால்போத்தலோடு கிடந்த குழந்தையிடமும் கேட்டார். ஒரு சாமத்திய வீட்டில், அதாவது பெரியபிள்ளையான சடங்கில், படம் எடுக்கிறவரை மறித்துவிட்டு, மாலையோடு நின்ற பிள்ளையிடம் கேட்டார். படத்தில் அந்தப் பிள்ளை அழுகிறது. ஆனந்தக் கண்ணீர் என்று தாய் எல்லோருக்கும் சொல்லி வருகிறா.

மாமாவும் அந்தச் சோதினை எழுதியவர்தான். அந்தக் காலத்தில் தமிழில் எழுதியவர்களிடம் மருத்துவத்துக்கு, சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதல் புள்ளி கேட்டார்கள். மாமாவுக்கு இடம் கிடைக்கவில்லை. “புள்ளி காணும் தம்பி. தமிழனுக்குத்தான் காணாமல் போச்சு” என்பார்.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. என் மகள் ஆரணி அப்போது ஜிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் பள்ளியில், முதல் வருடம். அடுத்த வருடத்துக்குப் பாடம் தெரிவு செய்ய வேண்டும். இங்கே ஏ, பி, சி என்பது புள்ளி இல்லை. ஒரு பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படிக்கிறாய் என்பதற்கான படி. அவள் விரும்பிய மேற்படிப்புக்குக் கணக்கில் ‘ஏ’ படி தேவை. பள்ளியிலேயே முறிந்து படிக்கலாம். கூடுதல் ‘ஏ’ பாடம் இருந்தால் சராசரியும் கொஞ்சம் ஏறும். அல்லது ஆறுதலாக முடித்துவிட்டு, பிறகு அந்த ஒரு பாடத்தைத் தனிக் கோர்ஸாக எடுக்கலாம். டேனிஷ் சிநேகிதிகள் எல்லோரும் “பிறகு” என்றார்கள். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்ன சொல்வது? மாமாவைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய பாடங்களை வாசித்தார். “டேனிஷ் ஏ. சரித்திரம் ஏ. கெட்டிக்காரி.” விரல் நின்றது. “கணக்குக்கு ஏன் பி?”

“அது லெவல், மாமா. புள்ளி இல்லை.”

“படிக்க முதலே பி போட்டிட்டாங்கள். அங்கையும் இப்பிடித்தான் துடங்கினவங்கள்.”

“ஐயோ மாமா, உங்களுக்கு விளங்கேல்லை” என்றாள் ஆரணி. மிச்சத்தை டேனிஷில் சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். மூவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். எங்கள் டேனிஷ் தையல் மெசினோடு கதைக்கப் போதும். நியாயம் கேட்கப் போதாது. மாமா ஆலோசகப் பெண்மணியின் மேசையில் விரலால் தட்டித் தட்டி, “ஏன் பி? ஏன் பி?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பயந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தா. பிறகு ஏதோ சொன்னா. ஆரணி மொழிபெயர்த்தாள்: “ஏ வேணுமெண்டால் ஏ எடுக்கலாமாம்.”

“கேட்டால் குடுப்பினமோ?”

“பாடத்தை மாமா. படிக்கிறது நான்தான்.”

மாமா கதிரையில் சாய்ந்தார். “கேட்ட உடன குடுக்கிறாங்கள் தம்பி” என்றார் என்னிடம். குரலில் சந்தோசம் இல்லை. “நாங்கள் அங்கை கேட்டதுக்கு என்ன குடுத்தவங்கள், பாத்தியே.”

காரில் திரும்பும்போது ஆரணி மெல்லச் சொன்னாள்: “பிறகும் எடுக்கலாம், மாமா.”

“வன்னியில என்ர தங்கச்சியின்ர மகள் தர்ஷி உன்ர வயசு. உயர்தரம், உயிரியல். பள்ளிக்கூடத்தில செல் குண்டு விழுகுது, சோதினை பிறகு எண்டிட்டினம். பிறகு எண்டது இருக்கிறவைக்குத்தான், பிள்ளை.”

எதைச் சொன்னாலும் பாதியில் டேனிஷுக்குத் தாவுகிறவள், அன்று தமிழிலேயே சொல்லி முடித்தாள்: “சரி. இப்பவே எடுக்கிறன்.”

மே மாதம் எல்லாம் முடிந்தது. எங்கள் தெருவில் நல்ல வெயில். டேனிஷ்காரர் புல்லு வெட்டினார்கள். மாமாவின் தங்கச்சி முகாமுக்கு வந்து சேர்ந்தா. தர்ஷி வரவில்லை. மாமா வழமைபோல வேலைக்கு வந்தார். ஆனால் ஒரு பிள்ளையிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் தப்பினோம் என்று இருந்தார்கள். பெரியவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

கணக்கு ஆரணியைப் பிழிந்தது. விளங்காத போதெல்லாம் மாமாவைத் தேடிப் போய் டேனிஷில் ஏசுவாள். “ஓம் பிள்ளை, ஏசு, ஏசு” என்று தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். எப்படியோ இருவரும் இரண்டு வருடத்தைக் கடந்தார்கள்.

சோதினை முடித்த பிள்ளைகளுக்கு இங்கே வெள்ளைத் தொப்பி. கூடப் படித்தவர்கள் அதன் உட்பக்கத்தில் ஏதாவது எழுதிக் கொடுப்பார்கள். வகுப்புப் பிள்ளைகள் லொறியில் ஆடிப் பாடி எங்கள் வீட்டுக்கு வந்த நேரம், மாமா அந்தத் தொப்பியைக் கேட்டு வாங்கினார். பேனையும் கேட்டார். இடம் தேடி, சின்னத் தமிழ் எழுத்தில் ‘தர்ஷி’ என்று எழுதினார்.

ஒரு டேனிஷ் பெடியன் எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டான்.

“பெயர். எங்களோட படிச்சவள்” என்று ஆரணி அவனுக்கு டேனிஷில் சொன்னாள்.

மாமா பேனையை மூடாமல் பிடித்தபடி நின்றார். நான் அதை வாங்கி மூடிவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.