ஹெல்மெட்டுக்குக் கிடைத்த கூடுதல் வருஷம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எத்தனை தலைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அத்தனையிலும் ஹாக்கி கோல்கீப்பரின் ஹெல்மெட்டோடு ரேஷன் கடை வரிசையில் நின்ற தலை ஒன்றே ஒன்றுதான். அந்தத் தலைக்குச் சொந்தக்காரரை நாங்கள் ஹெல்மெட் என்று கூப்பிட்டோம். அவருடைய அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் கல்லூரி ஹாக்கி அணியின் கோல்கீப்பர் அவர். இரண்டாவது கோல்கீப்பர் நான். இரண்டாவது கோல்கீப்பருக்கு என்ன வேலை என்று கேட்டால், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைக் காவல் காப்பது. ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், கால் பிடித்துக்கொள்ளும், மாற்று ஆள் இறங்குவான். கோலில் நிற்கிறவருக்கு எதுவும் பிடித்துக்கொள்ளாது. ஹெல்மெட்டுக்குக் காய்ச்சல்கூட சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை பயிற்சிக்குள் போய்விடும்.

முகத்துக்கு முன்னால் கம்பிவலை வைத்த அந்த ஹெல்மெட்டை அவர் கழற்றி நான் பார்த்தது அபூர்வம். கூடுவாஞ்சேரியில் ஏறி மின்சார ரயிலில் அதோடுதான் வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் தானாகவே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை ஜிஎஸ்டி ரோட்டில் எங்கள் பைக்கைப் போக்குவரத்துக் காவலர் மடக்கினார்.

“இன்னா தம்பி இது? ஹெல்மெட்டா, கோழிக் கூண்டா?”

“சார், இது மூஞ்சிக்கு நேரா வர்ற பந்தையே தாங்கும் சார். உங்க தண்ணி லாரி இன்னா, ஓரமாத்தான போவும்?”

காவலர் சிரித்துத் தொலைத்ததால் தப்பித்தோம். பின்னால் ஹெல்மெட்டே இல்லாமல் உட்கார்ந்திருந்த என்னை அவர் கவனிக்கவே இல்லை.

கோலில் நிற்கும்போதும் அவர் சும்மா நிற்க மாட்டார். எதிரணிக்காரன் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக நெருங்கிவரும்போது, மிகுந்த அக்கறையோடு, “அம்மா எப்படி கீறாங்க?” என்று கேட்பார். அவன் ஒரு நொடி அம்மாவை நினைப்பான். அதற்குள் பந்து அவர் காலடியில் இருக்கும். இதைத் தடுக்க விதியில் இடமிருக்கிறதா என்று நடுவர்கள் புத்தகத்தைப் புரட்டியதும் உண்டு.

அப்புறம் கொரோனா வந்தது. கல்லூரி மூடியது. முகக்கவசத்துக்கு மேலே கம்பிவலை போட்டுக்கொண்ட ஒரே குடிமகன் அவர்தான். தடுப்பூசி முகாமில் நர்ஸ் அக்கா, “தலையில இருக்கறதக் கழட்டுங்க” என்றதற்கு, “ஊசி கையிலதானக்கா?” என்று கேட்டாராம்.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் எதுவும் நடக்கவில்லை. எனக்கு அது வெறும் ஒரு வருஷம். அவருக்குக் கடைசி வருஷம். ப்ளஸ் டூ முடித்து இத்தனை வருஷத்துக்குள்தான் ஆடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஏற்கெனவே ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர் அவர். கல்லூரிப் போட்டியில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக முடியும், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருந்த அவருடைய அப்பா அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்.

பெயிலானால் இன்னொரு வருஷம் மாணவராக இருக்கலாம் என்று ஹெல்மெட் ஒரு திட்டம் போட்டார். கடைசி ஆன்லைன் தேர்வில் பதில் எழுதாமல், விடைத்தாளுக்குப் பதிலாகத் தன் ஹாக்கி மட்டையைப் படமெடுத்து அனுப்பினார். பாஸ் என்று வந்தது. நேராகத் துறைத்தலைவரிடம் போய்விட்டார்.

“சார், நான் ஒரு வரி எழுதல சார். எப்படி சார் பாஸ் போட்டீங்க?”

“எல்லாரையும்தானப்பா பாஸ் போட்டோம். சந்தோஷமா வீட்டுக்குப் போ.”

“இது அநியாயம் சார்!”

பாஸானதற்காகத் துறைத்தலைவரிடம் சண்டை போட்ட மாணவரை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பி.டி. சார்தான் அவரை வெளியே இழுத்துவந்து, பெயிலானாலும் ஆட முடியாது, வரம்பு வரம்புதான் என்று விளக்கினார். அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் இவ்வளவு சின்னதா என்று எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடுத்த வருஷம் கோல் எனக்கு. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் சுவரில் கோல் வரைந்து பயிற்சிகூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கொரோனாவால் போட்டி நடக்காத வருஷம் வரம்புக் கணக்கில் சேராது. அதை இழந்தவர்கள் கூடுதலாக ஒரு வருஷம் ஆடலாம். ஒரே நிபந்தனை, அந்த வருஷமும் இந்த வருஷமும் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும், எங்கும் வேலை பார்த்திருக்கக் கூடாது.

ஹெல்மெட் மறுநாளே எம்.ஏ. தத்துவத்தில் சேர்ந்தார். அந்த வகுப்பில் அவரோடு சேர்த்து நாலு பேர். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். என்னண்ணா படிக்கிறீங்க என்று கேட்டேன்.

“ஒலகம் நெசமா பொய்யான்னு ஒரு பேப்பர்டா. பந்து மூஞ்சில பட்டா நெசம்னு எழுதிக் குடுத்துட்டேன். சார் ரொம்ப நேரம் யோசிச்சிகினு இருந்தாரு.”

நான் மறுபடி தண்ணீர் பாட்டில்களிடம் போனேன்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி மூடியிருந்த வருஷத்தில் ஹெல்மெட் வேலைக்குப் போனார். அப்பாவின் தையல் கடை மாதக்கணக்கில் திறக்கவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் உதிரிபாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஆன்லைன் வகுப்பையும் கேட்பார். அங்கே எடுத்த ஒரு போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார். வரிசையாக எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட்டில், நடுவில் இவர் மட்டும் கம்பிவலையோடு. ‘யார்கிட்டயும் சொல்லாத, பி.டி. சார் திட்டுவாரு’ என்று கீழே எழுதியிருந்தார்.

அந்தப் போட்டோவைத்தான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டேன். மத்தியான வெயிலில் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு போனேன். கூடவே பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு ஒரு கடிதம். என் அப்பா தமிழாசிரியர், அதனால் கடிதம் பிழையில்லாமல் இருந்தது. ‘விளையாட்டின் நேர்மையில் அக்கறை கொண்டவன்’ என்று கையெழுத்துப் போட்டேன். இன்று பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று நாலு பேர் சொல்கிறார்கள். நான் எழுதியதில் உடனடியாகப் பலன் கொடுத்தது அந்த மொட்டைக் கடிதம் ஒன்றுதான்.

எனக்கு வேலை அவசரமோ வீட்டில் கஷ்டமோ கிடையாது. அப்பாவுக்குச் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட் எதையும் மறுக்கவில்லையாம். “ஆமா சார், நான்தான். வூட்ல கஷ்டம், போனேன்” என்றாராம். கொரோனாவால் வருஷத்தை இழந்தவருக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள், கொரோனாவால் வேலைக்குப் போனதற்காக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விதி விதிதான் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

அன்று சாயங்காலம் அணியே கொதித்தது. எதிரணிக்காரன்தான் எழுதியிருப்பான் என்றார்கள். “எவன்டா அது? கையில கெடச்சான்னா அவ்ளோதான்!” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் நான். ஹெல்மெட் மட்டும், “விடுங்கடா, மேட்ச்சப் பாருங்க” என்றார். அப்புறம் என்னிடம் வந்து, எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

மறுநாள் அவரை மைதானத்துக்குள் விடவில்லை. வெளியே காம்பவுண்டுச் சுவரில் ஏறி, என் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நடுவர் மூன்று முறை இறக்கிவிட்டார், நாலு முறை ஏறினார். கடைசி ஐந்து நிமிஷம். யாரும் கோல் போடவில்லை. எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர்.

“லெஃப்ட்டுடா! லெஃப்ட்டு! அவன் லெஃப்ட்லதான் அடிப்பான்!”

நான் வலது பக்கம் பாய்ந்தேன். பந்து இடது பக்கம் போனது. தோற்றோம்.

ஆனாலும் பல்கலைக்கழக அணியில் ரிசர்வ் கீப்பராக என்னை எடுத்தார்கள். அங்கேயும் பெஞ்சுதான். சான்றிதழில் பெஞ்ச் என்று எழுத மாட்டார்கள். அந்தச் சான்றிதழில்தான் இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். கூட்டத்தோடு சொல்வதில் ஒரு வசதி, யார் என்ன செய்தார் என்று யாரும் விவரம் கேட்பதில்லை. நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன். போன மாதம் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்க்க வந்த அதிகாரி, “ஃபைனல்ல கீப்பரா நின்னீங்களா? பிரமாதம்!” என்று என் கையைக் குலுக்கினார். சனிக்கிழமை ரயிலேறினேன்.

ஹெல்மெட் இப்போது கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கல் நட்ட இடத்தைக் காட்டும் வேலை. வெற்றுத் தலையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாடா, கார்னர் பிளாட் ஒண்ணு கீது” என்றார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். கடிதம், போட்டோ, எல்லாம்.

“தெரியும்டா” என்றார்.

“எப்பலேர்ந்துண்ணா?”

“விசாரணைல அந்த போட்டோவ மேஜ மேல வெச்சாங்க பாரு, அப்பலேர்ந்து. நம்ம பசங்கள்ல உனக்கு மட்டும்தான அனுப்பினேன்.”

“அப்புறம் ஏண்ணா என்னை ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீ அழுவ. அழுதா பந்து தெரியாது. மறுநா மேட்ச் கீது, வேற கீப்பருக்கு எங்க போறது?”

நான் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது நல்ல போட்டோடா. எங்கம்மா பிரிண்ட் போட்டு டிவி மேல வெச்சிருந்தாங்க. நான்தான் எடுத்து உள்ள வெச்சிட்டேன்” என்றார். நாலு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே புகார் அது.

அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் நெசத்த சொல்லு. அந்த கார்னருக்கு நான் லெஃப்ட்டுன்னு கத்தினது காதுல வுழுந்துச்சா இல்லியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் சத்தம் என்று சொல்லியிருக்கலாம்.

“விழுந்துச்சுண்ணா. நீங்க சொல்லிக் குடுத்துப் புடிச்சா அது உங்க பந்தாயிடும்னு நெனச்சேன்.”

கடிதத்துக்குக் கோபப்படாத மனிதர் இதற்கு எழுந்து நின்றுவிட்டார். “பேஜார் புடிச்சவனே! பதினோரு பேர் ஆடிகினு இருக்கான், உன் பந்து இன்னாடா, என் பந்து இன்னாடா!” என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் திட்டினார். மனை பார்க்க வந்திருந்த குடும்பம் ஒன்று பயந்து ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தது. திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கெழம உன் சர்ச் முடிஞ்சதும் ஏரிக்கர கிரவுண்டுக்கு வா. வந்து கோல்ல நில்லு” என்றார்.

போய் நின்றேன். மூன்று வாரமாகப் போகிறேன். அவர் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தை வைத்து அடிக்கிறார், எல்லாம் இடது பக்கமே அடிக்கிறார், வலிக்கிற மாதிரி அடிக்கிறார். நானும் இடது பக்கமே விழுகிறேன். பாதியைப் பிடிக்கிறேன், பாதி என்னைப் பிடிக்கிறது.

போன வாரம் தோள்பட்டை நன்றாகக் கன்றிப்போயிருந்தது. அம்மா தைலம் எடுத்து வந்து, “இப்படி அடிச்சது யார்டா?” என்று பதறிப்போய்க் கேட்டாள்.

“அண்ணன்மா” என்றேன். எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.