கவரைப்பேட்டைச் சிம்மாசனப் போர்

வாழ்க! கவரைப்பேட்டை நடுநிலைப்பள்ளி ஏழாம் வகுப்பின் மூன்றாம் பெஞ்சைக் கட்டியாண்டவளும், எண்ணெய் வழியும் இரட்டைச்சடையாளும், அட்டைக்கும் சிகரெட் தாளுக்கும் பிறந்த மணிமுடி தரித்தவளும், கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனித் தொழிலாளி ஆசீர்வாதத்தின் அருந்தவப் புதல்வியுமாகிய ரோசம்மாள் வாழ்க! நாமகளே, என் நாவில் வந்து அமர்க. அமர ஓர் இடம் கிடைப்பது எத்தனை அரிது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் பள்ளி விழா நெருங்கியது. அவ்விழாவில் தொன்றுதொட்டு ஆடப்படும் நாடகம் ஒன்று உண்டு. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கி இந்தியாவைக் கண்டுபிடிப்பார். கோட்டணிந்த காமா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு வீற்றிருக்க, நாடாளும் சாமூதிரி மன்னர் கைகட்டி நின்று, அவர் தரும் பரிசுகளைக் கண்டு வாய்பிளக்க வேண்டும். ஏன் என்று கேட்டவர் எவருமில்லை. போன வருஷமும் அப்படித்தான் ஆடினார்கள்.

அந்த வேதவாக்கின்மேல் கைவைத்தாள் சரித்திர ஆசிரியை பங்கஜவல்லி. "கண்டுபிடிச்சார்னா, அதுவரைக்கும் நாம எங்கே காணாமப் போயிருந்தோம்?" என்று கேட்டாள். காமாவோடு வந்த ஒருவனே எழுதிவைத்த குறிப்பின்படி, மன்னர்தான் மெத்தையில் சாய்ந்திருந்தாராம். காமா கொண்டுவந்தவை தொப்பிகளும், கை கழுவும் கிண்ணங்களும், சர்க்கரையும் எண்ணெயுமாம். அரண்மனை அதிகாரிகள் அவற்றைப் பார்த்துச் சிரித்தார்களாம். "நான் சொல்றதையும் அப்படியே நம்பிடாதீங்கோ. யோசிச்சு, நாடகத்தை நீங்களே திருத்துங்கோ" என்று பற்றவைத்துவிட்டு, அந்தப் புண்ணியவதி சாக்பீஸ் எடுக்கப் போய்விட்டாள்.

மூண்டது பெரும்போர். பள்ளிக்கே கைவைத்த நாற்காலி ஒன்றுதான், தலைமையாசிரியருடையது, பிரம்பு தொய்ந்தது. அதன் வலக்கையைப் பற்றினாள் சாமூதிரியாக முடிசூடிய ரோசம்மாள். இடக்கையைப் பற்றினான், மாமாவின் ரயில்வே கோட்டுக்குள் முழங்கால்வரை மறைந்துபோன காமா வேடத்து மாவீரன் சடகோபன். அவள் இழுத்தாள், அவன் இழுத்தான்; புழுதி எழுந்து கதிரவனை மறைத்தது; மறைக்காவிட்டாலும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தும்மினார்கள்.

"விருந்தாளிக்குத்தான் சேர் போடணும்!" என்று முழங்கினான் சடகோபன். "ஆத்துக்கு வந்தவாளை நிக்க வெச்சுண்டு நீ உட்காருவியோ?"

ரோசம்மாளின் சேனை கலங்கியது. நியாயமான பேச்சுதானே! ஆனால் மன்னர் வேடத்தாள் அசையவில்லை.

"இன்னா விருந்தாளி? கூடையில பாத்திரம் வெச்சிக்கினு விக்க வர்றவனுக்கு உங்க ஊட்ல சேரா போடுறாங்க? கிண்ணமும் தொப்பியும் எடுத்தாந்தவன் யாவாரிதானே!"

மார்பில் வேல் பாய்ந்தவனாய்த் தள்ளாடிய சடகோபன் தன் கடைசி அம்பை எடுத்தான். "கோட்டு போட்டவன் நின்னா எவன் நம்புவான்? ஜனங்க சிரிப்பா!"

"எங்க நைனா கம்பெனில கோட்டு போட்டவங்க எதிர்ல நின்னுக்கினேதான் இருக்காரு" என்றாள் ரோசம்மாள். குரல் இறங்கிவிட்டது. "நாடகம் பாக்க வர்றாரு. ராஜா வேஷம் கட்டியுமா நான் நிக்கணும்?"

சடகோபன் சட்டென்று கையை விட்டான். விட்ட வேகத்தில் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தாள், வெற்றித்திருமகள்.

விழா நாளும் வந்தது. திரைக்குப் பின்னே சாமூதிரி கொலுவிருந்த நேரத்தில், சிறப்பு விருந்தினரான, ஆசீர்வாதத்தின் இரும்புக் கம்பெனி மேனேஜர், சித்திரை வெயிலிலும் கழற்றாத கோட்டோடு காரிலிருந்து இறங்கினார். அவருக்கு நாற்காலி இல்லை! தலைமையாசிரியர் சுப்பராயன் வேட்டி தடுக்க மேடைக்குப் பாய்ந்தார்.

"ஏ பொண்ணே, எழுந்திரு! சேரைக் கீழே கொடு!"

ரோசம்மாளின் விரல்கள் நாற்காலிக் கைகளை இறுக்கின. மணிமுடி சரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. இழந்தாளோ அரியணையை என்று நாமும் கலங்கிய அக்கணத்தில், நேற்றைய பகைவனாகிய சடகோபன் திரைக்கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

ஊரே பார்த்தது. கோட்டணிந்த காமா எவர்சில்வர் கிண்ணத்தை இரு கையிலும் ஏந்திக் குனிந்து நின்றான். நடுவே அகப்பட்டுக்கொண்ட தலைமையாசிரியர், வேறு வழியின்றி, மந்திரி போல மன்னருக்கு ஒரு கும்பிடு போட்டுப் பின்னாலேயே நழுவினார்.

"மகாராஜா! எங்க தேசத்துலேந்து கிண்ணம் கொண்டுவந்திருக்கேன்!"

"கிண்ணம் எங்க ஊட்லியே நெறைய கீது. வேற இன்னா வெச்சிருக்க?" என்று சாய்ந்தமர்ந்து கேட்டாள் சாமூதிரி.

ஆர்ப்பரித்தது கவரைப்பேட்டை! விண்ணதிர்ந்தது, மண்ணதிர்ந்தது, சென்னை நோக்கிப் போன ரயிலின் ஊதல் ஊரார் அடித்த விசிலொலியில் அமிழ்ந்து ஒழிந்தது.

மேனேஜர் பெஞ்சில், ஆசீர்வாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்.