உன் முடிவை மதிக்கிறேன், அண்ணே

மனிதர்களைப் புரிந்துகொள்வதற்கென்றே முதுகலை வரை படித்த நான், கூடப்பிறந்த அண்ணனைப் புரிந்துகொள்ளாமல் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

அப்போது மதுரையில் உளவியல் இரண்டாம் ஆண்டு. அந்தப் பருவத்தில்தான் மனிதநேய உளவியல் பாடம். ஒருவரை வெளியே நின்று எடைபோடக் கூடாது. அவர் உலகம் அவருக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே பார்க்க வேண்டும். நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொண்டால் தன் வழியை அவரே கண்டுகொள்வார். படித்துவிட்டு எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. (பரீட்சையில் எழுத வேண்டியதை வீட்டில் செய்து பார்க்கும் வயது.)

பந்தல்குடியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே மாமனான எங்கள் அண்ணனோ பரளச்சியில் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டான். காரணம், விசேஷத்துக்கு அடித்த ஃபிளக்ஸ். அதில் அவன் படத்தைக் கீழ் மூலையில் போட்டதோடு, பாதி முகத்தைக் குத்துவிளக்கால் மறைத்திருந்தார்கள். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான். "நீதான் படிச்சவ, போயிக் கூட்டிட்டு வா" என்று அக்கா என்னை ஸ்கூட்டியில் அனுப்பினாள்.

அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மழித்த முகம், புது வேட்டி, நெற்றியில் திருநீறு. மதினி பட்டுச்சேலையில் நின்றாள். வாசலில் சீர்த்தட்டுகள் ஏற்றிய வேன். (எல்லாவற்றையும் பார்த்தேன். படித்தவள் ஆகையால் பொருட்படுத்தவில்லை.)

"மருவாதி இல்லாத எடத்துக்கு நான் வரல."

"மருவாதி இல்லன்னு உனக்குத் தோணுது."

"தோணுறது என்ன, இல்லதான்."

"இல்லவே இல்லன்னு தோணுது."

"ஏன் நான் சொன்னதையே சொல்லிட்டிருக்க?"

"சொன்னதையே சொல்றேன்னு உனக்கு எரிச்சலா இருக்கு."

அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "வரலன்னா வரல. போயி ஒங்கக்காட்ட சொல்லு."

"உன் முடிவ முழுசா மதிக்கிறேன்ண்ணே" என்று எழுந்தேன்.

அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "போறியா?" என்றான். "காப்பி குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம்ண்ணே. உனக்கு நெருக்கடி குடுக்கக் கூடாது."

மதினி ஓடிவந்து ஸ்கூட்டியை மறித்தாள். "ஏத்தா, கையப் புடிச்சு இன்னொருக்காக் கூப்பிடு. அவுக விடியமுன்னயே குளிச்சிட்டாக." அது வற்புறுத்தல் ஆகிவிடும் என்று அவளுக்கு விளக்கிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணன எங்க?"

"வரலயாம். அவன் உணர்வுக்கு எடம் குடுத்துட்டு வந்தேன்."

"கூட்டிட்டு வரச் சொன்னா, லீவு குடுத்துட்டு வந்திருக்கியே" என்றவள், பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்ட நான், அவன் குளித்துத் தயாராக இருந்ததைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மதினி போன் செய்தாள். "பந்தல்குடி முக்கு டீக்கடையில வண்டிய நிப்பாட்டிட்டாக. கூப்பிடாம எப்பிடி வாரதுன்னு மூணாவது டீ குடிக்காக."

செருப்பில்லாமல் ஓடினேன். லாரிக்காரர்கள் பார்க்க, அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாண்ணே."

"வரல."

"வாண்ணே."

"நான் எதுக்கு? குத்துவெளக்கக் கூப்பிடு."

மூன்றாம் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ இல்லாம எங்களுக்கு யாருண்ணே இருக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தான். "இம்புட்டுக் கட்டாயப்படுத்துறதால வாரேன்."

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காது குத்தினார்கள். பிள்ளையைவிட மாமன்தான் அதிகம் அழுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது தோசை போதும் என்றால், "உன் முடிவ மதிக்கிறேன்" என்று தட்டையே எடுத்துவிடுவார்கள். போன பொங்கலுக்கு எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சின்னச் சண்டை. ஊருக்கு வரமாட்டேன் என்று போனில் சொன்னேன். "உன் முடிவ முழுசா மதிக்கிறேன்" என்று வைத்துவிட்டான். கட்டிவைத்த பையின் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படியும் ஓர் அண்ணனா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் அவன்தான்.

"ஒருக்காக் கூப்பிட்டாப் போதுமா, மூணு தடவயும் கூப்பிடணுமா?" என்றான்.

"மூணு தடவயும்" என்றேன்.